சமையல் மேடைக்குக் கல் தேடியபோது: ஓரம், ஓட்டை, ஒட்டு

பழைய மேடையைக் கழற்றியபோது அதன் மேல்தளத்தில் பெரிய குறை எதுவும் இல்லை. லேமினேட் ஒட்டிய மேடை. துடைத்துத் துடைத்து நிறம் கொஞ்சம் மங்கியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் சிங்க் உட்காரும் ஓட்டையின் விளிம்பில் அடிப்பலகை தண்ணீரில் ஊறி உப்பிப் போயிருந்தது. விரலால் அழுத்தினால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. குழாய்க்குப் பின்னால் சுவரை ஒட்டிய பகுதியும் அப்படித்தான். இரண்டு பலகைகள் சேரும் மூலையில் மேல்தாள் வாய் பிளந்திருந்தது. மற்ற இடங்களில் பலகை இன்னும் பல வருடம் உழைக்கும் நிலையில் இருந்தது.

புது மேடைக்கு எந்தப் பொருள் நல்லது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். கிரானைட் போட்டவர் கிரானைட் என்பார், குவார்ட்ஸ் போட்டவர் குவார்ட்ஸ் என்பார். மேடை எந்த இடத்தில் கெடுகிறது என்று கேட்டுப் பார்த்தால் பதில் ஏறக்குறைய ஒன்றாகவே வருகிறது: முன்பக்க ஓரம், சிங்க்குக்கும் அடுப்புக்கும் வெட்டிய ஓட்டை, இரண்டு துண்டுகள் சேரும் ஒட்டு. நட்டநடுவில் கெட்டுப்போன மேடையை நான் அதிகம் பார்த்ததில்லை. அதனால் ஒவ்வொரு பொருளையும் இந்த மூன்று இடங்களில் எப்படி நடந்துகொள்ளும் என்று பார்த்தே தேர்ந்தெடுப்பது என முடிவு செய்தேன்.

லேமினேட்டின் மேல் பழி போட வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஃபீனாலிக் பிசினில் ஊறவைத்த தடித்த தாள்களை அடுக்கி, மேலே மெலமைன் பூசிய வண்ணத்தாளை வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒன்றாக்கியதுதான் லேமினேட். தண்ணீர் அதை எதுவும் செய்யாது. கீழே இருக்கும் பார்ட்டிகிள் போர்டுதான் ஊறுகிறது. தண்ணீர் தாங்கும் பிளைவுட்டை அடியில் வைத்து, வெட்டிய விளிம்பு முழுவதும் எபாக்சி பூசி அடைத்திருந்தால் என் பழைய மேடையே இன்னும் ஓடியிருக்கும். செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்கு அது இன்றைக்கும் நல்ல வழிதான்.

மாதிரித் துண்டுகளோடு ஒரு இரவு

கேட்டால் உள்ளங்கை அளவு மாதிரித் துண்டுகளைக் கொடுக்கிறார்கள். வெள்ளைப் பளிங்கு, வெளிர் நிறக் கிரானைட் ஒன்று, கருஞ்சாம்பல் கிரானைட் ஒன்று, குவார்ட்ஸ், அக்ரிலிக் வகை சாலிட் சர்ஃபேஸ், சின்டர்டு ஸ்டோன், லேமினேட், எவர்சில்வர் தகடு என வரிசையாக வைத்து ஒவ்வொன்றிலும் எலுமிச்சைச் சாறு, எண்ணெய், காபி மூன்றிலும் இரண்டிரண்டு சொட்டு விட்டேன். ஒன்றைச் சில நிமிடத்தில் துடைத்தேன், இன்னொன்றை விடியும்வரை விட்டுவைத்தேன். மேலிருந்து நேராகப் பார்த்தால் பாதி விஷயம் கண்ணில் படாது. டார்ச்சைக் கல்லின் மட்டத்துக்குச் சாய்த்துப் பிடித்து, வெளிச்சம் கல்லின் மேல் வழுக்கிப் போகும்படி பார்க்க வேண்டும்.

பளிங்கில் எலுமிச்சை பட்ட இடம் சில நிமிடத்திலேயே பளபளப்பை இழந்து வட்டமாக மங்கிவிட்டது. பார்ப்பவர்கள் அதைக் கறை என்றுதான் சொல்வார்கள், ஆனால் தேய்த்தால் போகாது. பளிங்கு என்பது கால்சைட், அதாவது கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டதும் அது கரைகிறது, கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. பாலிஷ் செய்த மேல்பரப்பு அரித்துப் போவதால்தான் அந்த மங்கல். "சீலர் அடிச்சுட்டா ஒண்ணும் ஆகாது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சீலர் நுண்துளைகளுக்குள் எண்ணெயும் நிறமும் ஊறாமல் தடுக்கும். கல்லையே அமிலம் தின்பதை அது தடுக்காது. கறை வேறு, அரிப்பு வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் கடையில் சொல்லப்படும் பாதி வாக்குறுதிகளை நாமே எடைபோட்டுவிடலாம்.

பளிங்கின் கடினமும் குறைவு. மோஸ் அளவையில் கால்சைட் 3. கத்தியின் எஃகு சுமார் 5.5, கிரானைட்டில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. கத்திகூட வேண்டாம், பீங்கான் தட்டின் அடியில் மெருகு பூசாத வளையம் ஒன்று இருக்கும், அதுவே பளிங்கில் கோடு போட்டுவிடும். பளிங்கின் அழகை நான் மறுக்கவில்லை. அதைத்தான் போடுவேன் என்று உறுதியாக இருப்பவர்கள், மங்கலாகத் தேய்த்த ஹோன்ட் ஃபினிஷை முதலிலேயே வாங்கிவிடுவது நல்லது. அரித்த இடம் அதில் அவ்வளவாகத் தெரியாது.

இரண்டு கிரானைட்டுகளையும் எலுமிச்சை தொடவில்லை. எண்ணெயில்தான் வித்தியாசம் தெரிந்தது. வெளிர் நிறத் துண்டில் சொட்டு விட்ட இடம் காலையில் ஈரம் பட்டதுபோல் கருத்திருந்தது. கருஞ்சாம்பல் துண்டில் எதுவும் இல்லை. கிரானைட்டின் படிகங்கள் கெட்டியானவை, ஆனால் படிகத்துக்கும் படிகத்துக்கும் நடுவில் மயிரிழை இடைவெளிகள் உண்டு. அவை எவ்வளவு என்பது கல்லுக்குக் கல் மாறும். ஆகவே கிரானைட் எண்ணெய் குடிக்குமா என்று பொதுவாகக் கேட்பதில் பயன் இல்லை, வாங்கப்போகும் அந்தக் கல் குடிக்குமா என்று பார்க்க வேண்டும். கருத்த இடத்தைச் சமையல் சோடாவும் அசிட்டோனும் குழைத்த பற்றால் மூடி, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி ஒரு நாள் விட்டேன். பற்று காய்ந்தபோது எண்ணெயில் பெரும்பகுதி வெளியே வந்துவிட்டது. அசிட்டோன் எளிதில் தீப்பற்றும், அடுப்பு எரியும் இடத்தில் இந்த வேலை கூடாது.

கத்தியால் கீறியபோது கிரானைட்டில் சாம்பல் நிறக் கோடு விழுந்தது. விழுந்த கோடு கல்லின் காயம் இல்லை, கத்தியிலிருந்து உரசி ஒட்டிய உலோகம். லேசாகத் தேய்த்ததும் போய்விட்டது. கல்மேடையில் நேராக நறுக்கினால் நஷ்டம் கத்திக்குத்தான்.

கடினத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்குச் சோப்புக்கல் நல்ல உதாரணம். டால்க் நிறைந்த கல், நகத்தாலேயே கீறலாம். ஆனாலும் ஆய்வகங்களின் மேசைகளுக்கு அதைத்தான் நெடுங்காலம் போட்டார்கள். அமிலம் அதைத் தொடாது, எதையும் அது உறிஞ்சாது, சூட்டையும் தாங்கும். கீறல் விழுந்தால் உப்புத்தாளால் தேய்த்து எண்ணெய் பூசினால் போதும். எனக்கு நல்ல துண்டு கிடைக்கவில்லை, இல்லையென்றால் கட்டாயம் யோசித்திருப்பேன்.

ஏன் குவார்ட்ஸ் வேண்டாம் என்றேன்

எல்லாரும் பரிந்துரைத்தது குவார்ட்ஸ் மேடையைத்தான். எடையில் 90 சதவீதத்துக்கு மேல் குவார்ட்ஸ் துகள்கள், மீதி பாலியெஸ்டர் பிசினும் நிறமியும். காற்றை உறிஞ்சியெடுத்து, அதிரவைத்து, அழுத்திப் பலகையாக்குகிறார்கள். இத்தாலியின் பிரெட்டன் நிறுவனம் 1970களில் உருவாக்கிய முறை இது. என் சோதனையில் ஒரு சொட்டுகூட அதில் தடம் பதிக்கவில்லை. சீலரும் தேவையில்லை. நிறம், வரி எல்லாம் நாம் மாதிரியில் பார்த்தபடியே வரும்.

அதன் பலவீனம் அந்தப் பிசின். சுமார் 150 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது கெடத் தொடங்கும். அடுப்பிலிருந்து இறக்கிய வாணலி 200 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். சூடு பட்ட இடம் வெளுக்கும் அல்லது பழுக்கும், சில சமயம் விரிசலே விடும். அதைச் சரிசெய்ய நல்ல வழி கிடையாது. சூட்டுத் தாங்கி வைத்துக்கொள்ளலாம் என்பது நியாயமான பதில்தான். நான் வேண்டாம் என்றதற்குக் காரணம் வேறு: என் மேடையின் ஒரு பாதியில் ஜன்னல் வழியாக மதியம் முழுக்க நேர் வெயில் விழும். புற ஊதாக் கதிரில் அந்தப் பிசின் நாளடைவில் மஞ்சளாகும். பாதி வெயிலிலும் பாதி நிழலிலும் கிடக்கும் வெள்ளை மேடை சில வருடத்தில் இரண்டு நிறமாக நிற்கும்.

இன்னொரு காரணமும் உண்டு, அது வெட்டுபவரைப் பற்றியது. குவார்ட்ஸ் பலகையை அறுக்கும்போது பறக்கும் தூசியில் படிக சிலிக்கா மிக அதிகம். கிரானைட்டில் அது பொதுவாக இதில் பாதிக்கும் குறைவு, பளிங்கில் மிகவும் குறைவு. அந்தத் தூசி நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் வரும், வந்தால் குணமாக்க முடியாது. இளம் தொழிலாளர்கள் பலர் இந்த நோயில் விழுந்த பிறகு ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தச் செயற்கைக் கல்லைத் தயாரிப்பதையும் விற்பதையும் பொருத்துவதையும் தடை செய்துவிட்டது. எந்தக் கல்லாக இருந்தாலும் தண்ணீர் ஊற்றி அறுக்கும் பட்டறையாகப் பார்த்துக் கொடுங்கள். வீட்டுக்குள் உலர்வாக கிரைண்டர் ஓட்டச் சம்மதிக்காதீர்கள்.

குவார்ட்சைட் என்று ஒன்று விற்கிறார்கள், அது இயற்கைக் கல். மணற்கல் பூமிக்குள் வெந்து இறுகியது. நல்ல குவார்ட்சைட் கிரானைட்டைவிடக் கெட்டியாக இருக்கும். சிக்கல் என்னவென்றால் சில கடைகளில் டோலமைட் பளிங்கும் அதே பெயரில் நிற்கிறது. ஒரு கண்ணாடிச் சில்லைக் கீழே வைத்துத் துண்டின் முனையால் அழுத்திக் கீறிப் பாருங்கள். உண்மையான குவார்ட்சைட் கண்ணாடியை வெட்டும். பளிங்கு வகை வழுக்கிப் போகும், மாவாக உதிரவும் செய்யும்.

என் கேள்விக்கு முதல் மதிப்பெண் வாங்கியது

ஓரம், ஓட்டை, ஒட்டு என்ற மூன்றிலும் உண்மையில் ஜெயித்தது சாலிட் சர்ஃபேஸ்தான். அக்ரிலிக் பிசினும் அலுமினிய ஹைட்ராக்சைடு பொடியும் கலந்தது. டூபான்ட் நிறுவனம் 1967இல் கோரியன் என்ற பெயரில் உருவாக்கியது இதன் முதல் வடிவம். இரண்டு துண்டுகளை அதே நிறப் பசையால் ஒட்டித் தேய்த்துவிட்டால் ஒட்டு எங்கே என்று தேட வேண்டும். சிங்க்கையும் அதே பொருளில் செய்து மேடையோடு ஒன்றாக்கிவிடலாம், அப்போது ஓட்டைக்கு விளிம்பே இருக்காது. கீறல் விழுந்தால் தேய்த்தெடுக்கலாம், ஓரம் சில்லுப் போனால் ஒரு துண்டை வெட்டி வைத்து ஒட்டலாம். சூடுதான் ஆகாது. குவார்ட்ஸைவிடவும் குறைந்த சூட்டிலேயே அது தளரும்.

சிங்க் பக்கம் அதைப் போட்டு அடுப்புப் பக்கம் கல் போடலாமா என்று நிறைய யோசித்தேன். ஆனால் இரண்டு பொருள்கள் சந்திக்கும் இடம் இன்னொரு ஒட்டு. சூட்டுக்கு அக்ரிலிக் விரியும் அளவும் கல் விரியும் அளவும் வேறு, ஆகவே அந்த ஒட்டு எப்போதும் அசைந்துகொண்டே இருக்கும். பிரச்சினையைத் தீர்க்கப் போய் ஒன்றைக் கூட்டுவானேன் என்று விட்டுவிட்டேன். அடுப்பு தனி மேடையில் இருக்கும் வீடு என்றால் தயங்காமல் சாலிட் சர்ஃபேஸ் போடச் சொல்வேன்.

எவர்சில்வரும் இதே காரணத்துக்காக என் பட்டியலில் மேலே இருந்தது. பற்றவைத்துத் தேய்த்தால் ஒட்டு மறைந்துவிடும். உணவகச் சமையலறைகளில் அது இருப்பது சும்மா இல்லை. சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உள்ள 304 ரகம்தான் வாங்க வேண்டும். முதல் வாரமே கீறல் விழும், அப்புறம் கீறல்கள் ஒன்றோடொன்று கலந்து சீரான மங்கலாகிவிடும். பிளீச் கலந்த நீர் தேங்கினால் புள்ளிபுள்ளியாக அரிக்கும். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பாத்திரம் வைக்கும்போதெல்லாம் வரும் சத்தத்தைத்தான் வீட்டில் யாரும் பொறுத்துக்கொள்ளத் தயாராக இல்லை.

சின்டர்டு ஸ்டோன் புதிய வரவு. கொசென்டினோ நிறுவனத்தின் டெக்டான் 2013இல் வந்தது, அதேபோல் வேறு பெயர்களிலும் பல கிடைக்கின்றன. கனிமப் பொடியைப் பேரழுத்தத்தில் இறுக்கிச் சுடுகிறார்கள். பிசின் இல்லாததால் சூடு, வெயில், அமிலம் எதற்கும் அசையாது. நடுப்பகுதியைப் பொறுத்தவரை இதை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் ஓரத்தில் கனமான பாத்திரம் இடித்தால் சில்லு பெயரும். பல பலகைகளில் வரிவடிவம் மேல்தளத்தோடு நின்றுவிடும், ஆகவே பெயர்ந்த இடம் வெறும் நிறத்தில் பல்லிளிக்கும். பெரும்பாலும் 12 மில்லிமீட்டர் கனத்தில் வருவதால் முன்ஓரத்தை 45 பாகையில் சாய்த்து வெட்டி ஒட்டித் தடிமன் காட்டுவார்கள். அந்தக் கூர்முனைதான் முதலில் அடிவாங்கும். அறுக்கவும் இதற்கென்றே பழகிய கையும் தனி பிளேடும் வேண்டும்.

டைல்ஸ் மேடையில் ஒட்டுகளைத் தவிர வேறொன்றும் இல்லை, அதனால் அதைப் பற்றி நான் அதிகம் யோசிக்கவில்லை.

கடைசியில் எடுத்தது கருஞ்சாம்பல் கிரானைட், 20 மில்லிமீட்டர் கனம், தோல்போல லேசான மேடுபள்ளத்தோடு பளபளப்பில்லாமல் இருக்கும் லெதர் ஃபினிஷ்.

கல்லை நிற்கவைத்துப் பார்ப்பது

மாதிரித் துண்டைப் பார்த்து ஸ்லாப், அதாவது முழுக் கற்பலகை, வாங்கக் கூடாது. உள்ளங்கை அளவில் அடக்கமாகத் தெரியும் புள்ளி, மூன்று மீட்டர் நீளத்தில் இரைச்சலாக மாறலாம். ஓடும் வரி மாதிரித் துண்டில் வராமலே போகலாம். எந்த ஸ்லாப் வருமோ அதையே பார்த்து, பின்புறம் அடையாளம் போட்டுவிட்டு வர வேண்டும்.

கிடங்கில் ஸ்லாப்பை நிற்கவைத்திருப்பார்கள். ஓரமாக நின்று, வெளிச்சம் சாய்ந்து விழும் கோணத்தில் மேலிருந்து கீழாகப் பார்த்தேன். இயற்கையான நரம்பும் விரிசலும் தூரத்தில் ஒன்றுபோலத்தான் தெரியும். நகத்தை வைத்து இழுத்தால் விரிசலில் தட்டும், நரம்பில் பெரும்பாலும் தட்டாது. சந்தேகமான கோட்டைத் தண்ணீரால் நனைத்துத் துடைத்துவிட்டு, மற்ற இடம் காய்ந்த பிறகும் அந்தக் கோடு ஈரமாகவே நிற்கிறதா என்று பார்க்கலாம். நின்றால் உள்ளே இடைவெளி இருக்கிறது. பின்புறம் நைலான் வலைபோல ஃபைபர் ஒட்டியிருந்தால் அந்தக் கல் தானாக நிற்கும் பலம் குறைந்தது என்று பொருள். வாங்கக் கூடாது என்றில்லை, ஆனால் சிங்க் ஓட்டை வெட்டும்போது கூடுதல் கவனம் வேண்டும்.

கறுப்புக் கல் வாங்குபவர்கள் வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். துணி கறுத்தால் கல்லுக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். சாம்பல் கல்லைக் கறுப்பாக்கி விற்பது உண்டு, எலுமிச்சை பட்டால் அது திட்டுத்திட்டாக வெளுக்கும்.

கனத்தை நானே அளந்தேன், ஒரு முனையில் மட்டுமில்லாமல் நான்கு பக்கமும். 20 என்று சொல்லி 16இல் நிற்கும் ஸ்லாப்பும் உண்டு. முன்ஓரத்தில் ஒரு பட்டையை ஒட்டி 40 மில்லிமீட்டர் போலக் காட்டுவது பொதுவான வழக்கம்தான், தவறில்லை. ஆனால் உட்பகுதியின் கனத்தை அது மறைத்துவிடும்.

அழகு விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: மேடை பளபளக்க வேண்டியதில்லை. மேல் அலமாரிக்கு அடியில் எல்.இ.டி. பட்டை ஒட்டியிருந்தால், பாலிஷ் செய்த அடர்நிறக் கல்லில் அதன் ஒவ்வொரு பொட்டும் கண்ணாடியில் தெரிவதுபோல் தெரியும். தண்ணீர்த் தடமும் தூசியும் விரல் ரேகையும் சேர்ந்துகொள்ளும். லெதர் ஃபினிஷில் வெளிச்சம் சிதறிவிடுகிறது. அதன் மேடுபள்ளத்தில் அழுக்கு சேருமே என்று பயமுறுத்தினார்கள். வாங்கும்போது கையால் தடவிப் பார்த்து, ஆழமான குழிகள் இல்லாததை எடுத்தால் ஒன்றும் ஆகாது. முழுக் கறுப்பும் முழு வெள்ளையும் துடைப்பவரைப் படுத்தும். நடுத்தர நிறமும் சீரில்லாத புள்ளியும் கொஞ்சம் கருணையானவை. அலமாரிக் கதவின் துண்டையும் சுவர் டைல்ஸையும் கூடவே எடுத்துப்போய், பகல் வெளிச்சத்தில் ஒரு முறை, சமையலறையில் எரியும் விளக்கில் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. கிடங்கின் வெளிச்சத்தில் சாம்பலாக இருந்த கல் மஞ்சள் விளக்கின் கீழ் பச்சை காட்டலாம்.

வெட்டு

சுவர்கள் நேராக இருப்பதில்லை. மூலையிலிருந்து ஒரு பக்கம் 60 சென்டிமீட்டர், மறுபக்கம் 80 சென்டிமீட்டர் குறித்து இரண்டையும் இணைத்து அளந்தால் சரியாக 100 வர வேண்டும். என் மூலையில் அதற்கு மேல் வந்தது. ஆகவே எண்களை மட்டும் எழுதிக் கொடுக்காமல், மெல்லிய பிளைவுட் பட்டைகளை மேடைமேல் வைத்து ஒட்டி முழு வடிவத்தையும் ஒரு சட்டமாகச் செய்து பட்டறையில் கொடுத்தேன்.

சிங்க் ஓட்டையின் மூலை பற்றித்தான் நீண்ட பேச்சு நடந்தது.

"மூலையை நேரா வெட்டிடலாம் சார், சிங்க் விளிம்பு மறைச்சிடும்" என்றார் அறுப்பவர்.

"மறைக்கும்ணே, ஆனா விரிசல் அங்கதானே தொடங்கும். நாலு மூலையிலயும் முதல்ல வட்டத்துளை போட்டுட்டு அப்புறம் நேர்வெட்டு போடுங்க."

கூர்மையான உள்மூலையில் பாரம் ஒரே புள்ளியில் குவியும். வட்டமாக இருந்தால் பரவிவிடும். பிளேடு மூலையைத் தாண்டிப் போனாலும் கண்ணுக்குத் தெரியாத கீறலாக அது உள்ளே நிற்கும், பின்னாளில் அதுவே விரிசலாக ஓடும். அவர் தலையாட்டிவிட்டு அப்படியே செய்தார்.

ஒட்டை எங்கே வைப்பது என்பதை ஸ்லாப்பின் நீளம் தீர்மானிக்க விடக் கூடாது. சிங்க்கின் நடுவிலும் அடுப்பு ஓட்டையின் நடுவிலும் ஒட்டு வைத்தால் கல் மிச்சமாகும், அதனால் அப்படித்தான் முதலில் சொல்வார்கள். இரண்டிலிருந்தும் தள்ளி, கீழே அலமாரிச் சுவர் நேராகத் தாங்கும் இடத்தில் வைக்கச் சொன்னேன். ஒரு துண்டு வீணானது, பரவாயில்லை.

முன்ஓரத்தின் மேல்முனையைச் சுமார் 3 மில்லிமீட்டர் உருட்டச் சொன்னேன். கூரான ஓரம் படத்தில் அழகாக இருக்கும், பாத்திரம் இடித்தால் சில்லு போகும். அடிப்பக்கம் ஓரத்துக்குச் சற்று உள்ளே நீளவாக்கில் ஒரு மெல்லிய காடியும் வெட்டவைத்தேன். வழியும் தண்ணீர் அந்தக் காடியைத் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டிவிடும், அலமாரிக் கதவுக்குப் போகாது. இதைக் கேட்காவிட்டால் பெரும்பாலும் யாரும் தானாகச் செய்து தருவதில்லை.

பொருத்தியது

கிரானைட்டின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.7 கிராம். 20 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 54 கிலோ வருகிறது. 60 சென்டிமீட்டர் அகலத்தில் மூன்று மீட்டர் என்றால் நூறு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அலமாரி இதைத் தாங்கும். தூக்கிவரும்போதுதான் ஆபத்து. ஓட்டை வெட்டிய ஸ்லாப்பைப் படுக்கைவாக்கில் தூக்கினால், சிங்க்குக்கு முன்னால் நிற்கும் ஒல்லியான பட்டை தன் எடையிலேயே முறியும். கதவைப்போல் நிமிர்த்தித் தூக்கி, மேடைக்கு அருகில் வந்த பிறகே சாய்க்க வேண்டும். எங்கள் துண்டின் ஒல்லிப் பட்டைக்கு மேல் ஒரு மரச்சட்டத்தைக் கிளாம்ப் போட்டுத்தான் கொண்டுவந்தார்கள்.

கல் வருவதற்கு முன்பே அலமாரிகளின் மேல்விளிம்பை ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, பள்ளமான இடங்களில் தகடு வைத்து ஏற்றியிருந்தேன். கல் வளையாது. கீழே ஒரு மூலை தாழ்ந்திருந்தால் கல் அந்தரத்தில் நிற்கும், ஒருநாள் யாராவது அங்கே கையூன்றி ஏறும்போது தெரியும். சாப்பிட உட்காரும் பக்கம் மேடையை வெளியே நீட்ட விரும்பினால் ஒரு கணக்கு: 20 மில்லிமீட்டர் கல் தாங்கல் இல்லாமல் 15 சென்டிமீட்டர் வரை, 30 மில்லிமீட்டர் கல் 25 சென்டிமீட்டர் வரை. அதற்கு மேல் என்றால் இரும்புத் தாங்கி வேண்டும்.

சிங்க்கைக் கல்லுக்கு அடியில் பொருத்தினேன். வெறும் பசையில் தொங்கவிட ஒப்புக்கொள்ளவில்லை. நிறையத் தண்ணீர் பிடித்தால் 40 லிட்டர், அதுவே 40 கிலோ. அலமாரிச் சுவரோடு திருகிய இரண்டு குறுக்குச் சட்டங்கள் அந்தப் பாரத்தைத் தாங்குகின்றன. சிலிக்கோன் தண்ணீரை மட்டும் தடுத்தால் போதும்.

சிலிக்கோனிலும் பார்த்து வாங்க வேண்டியது உண்டு. வினிகர் வாடை வரும் சாதாரண வகை உலரும்போது அசிட்டிக் அமிலத்தை விடும், பளிங்கு வகைக் கற்களை அது அரிக்கும். சில வகைகளில் உள்ள எண்ணெய் வெளிர் நிறக் கல்லின் ஓரத்தில் ஊறிப் படச்சட்டம்போலக் கருத்த கரை கட்டும். நியூட்ரல் வகை, கல்லுக்கு ஏற்றது என்று குப்பியில் போட்டிருப்பதை வாங்கினேன். சுவருக்கும் கல்லுக்கும் நடுவில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டு அதையே நிரப்பினோம். அங்கே சிமெண்ட் வைத்து அடைத்தால் கொஞ்ச நாளில் மயிரிழை விடும், என் பழைய மேடையின் பின்ஓரம் ஊறியதும் அந்த வழியாகத்தான்.

தண்ணீரும் நெருப்பும் வராத கடைசி அரை மீட்டருக்கு மரப்பலகை போட்டிருக்கிறேன். கல்லோடு அதை ஒட்டவில்லை, ஒரு கோடு இடைவெளி விட்டுத் தனியாக நிற்கிறது. மரம் ஈரப்பதத்துக்கு ஏற்ப அகலத்தில் விரிந்து சுருங்கும் என்பதால், அடியில் திருகும் துளைகளை நீள்வட்டமாகப் போட்டால்தான் பிளக்காமல் இருக்கும். வெள்ளை மினரல் ஆயில்தான் பூசுகிறேன். சமையல் எண்ணெய் பூசினால் நாளடைவில் சிக்குப் பிடித்து நாறும். ஈரமான இரும்புப் பாத்திரத்தை அதன்மேல் வைக்கக் கூடாது. மரத்தில் உள்ள டானின் இரும்போடு சேர்ந்து கறுப்புத் தழும்பு போட்டுவிடும்.

சீலர் அடிக்க வேண்டுமா என்பதைக் கல்லிடமே கேட்டேன். சிங்க் பக்கம், அடுப்புப் பக்கம் இரண்டிலும் ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் விட்டேன். அடுப்புப் பக்கம் மாற்றம் இல்லை. சிங்க் பக்கம் லேசாகக் கருத்தது. ஒரே ஸ்லாப்பின் இரண்டு முனைகள் இப்படி நடப்பது வினோதமில்லை, இயற்கைக் கல் அப்படித்தான். கல்லைக் கழுவி ஒரு முழு நாள் காயவிட்டு, சீலரைத் துணியால் பூசி, குப்பியில் போட்டிருந்த நேரம் முடிந்ததும் மிச்சத்தைத் துடைத்தெடுத்தேன். துடைக்காமல் மேலேயே காயவிட்டால் வெளுத்த படலம் நிற்கும், சீலரின் வேலை கல்லுக்கு உள்ளேதான். தண்ணீர்ச் சொட்டு மறுபடி கருக்கத் தொடங்கினால் இன்னொரு முறை அடிக்க வேண்டும். அதற்கு நாள்காட்டி தேவையில்லை.

இப்போது தொந்தரவு தருவது குழாயடியில் படியும் உப்பு மட்டும்தான். அடர்நிறக் கல்லில் அது வெள்ளை வளையமாகத் தெரிகிறது. கிரானைட் என்பதால் நீர்த்த வினிகரை அந்த இடத்தில் மட்டும் சில நிமிடம் வைத்துக் கழுவிவிடுகிறேன், சிலிக்கோன் கோட்டுக்கும் குழாயின் குரோமியப் பூச்சுக்கும் போகாமல் பார்த்துக்கொண்டு. பளிங்கு போட்டவர்கள் இதைச் செய்யக் கூடாது. ஒவ்வொரு இரவும் குழாயடியை உலரத் துடைப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை.